மில்லியா, மைக்ரோவா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையில் 2011-இல் நடந்த விபத்து பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நான் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இயற்பியலாளர். 2011 மார்ச்சில் டோக்கியோவின் நிஷி-கசாயில், ஏழு மாதக் கைக்குழந்தையோடு குடியிருந்தவள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஆசிரியர் கடிதக் கட்டைத் தூக்கி என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஜப்பானில் கோரியாமா என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊர் ஃபுகுஷிமாவில்தான் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மருமகளும் இரண்டு வயதுப் பேத்தியும் கூடவே போகிறார்கள். மகனோ "அதெல்லாம் ஒன்றும் இல்லம்மா" என்று சிரிக்கிறான். போகலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: போகலாம்.

ஒரு வரி கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் மகன் சொன்னதும் இதே ஒரு வரிதான், அதில் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முதலில் ஊர். ஃபுகுஷிமா என்பது ஒரு ஊர் அல்ல, பெரிய மாகாணம். ஜப்பானில் பரப்பளவில் மூன்றாவது. விபத்து நடந்த உலை கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. கோரியாமா அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், நடுவே மலைத்தொடர். மாகாணத்தில் மக்கள் திரும்பிக் குடியேற முடியாத பகுதி இன்றும் இருக்கிறது. அது மொத்தப் பரப்பில் சுமார் 2 சதவீதம். கோரியாமா அதில் இல்லை, எந்தக் காலத்திலும் வெளியேற்ற உத்தரவின் கீழ் இருந்ததும் இல்லை.

இனி கணக்கு. மாகாணம் முழுக்கப் பள்ளிகளிலும் பூங்காக்களிலும் சூரியத் தகடு வைத்த வெள்ளைக் கம்பங்கள் நிற்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மைக்ரோசீவர்ட் என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிசீவர்ட், அதிலும் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோசீவர்ட். கோரியாமாவில் இப்போது பெரும்பாலான இடங்களில் அது 0.1-க்குக் கீழே. நாம் கஞ்சத்தனம் இல்லாமல் 0.1 என்றே வைத்துக்கொள்வோம். அதில் 0.04 மண்ணிலிருந்து இயற்கையாகவே வருவது. மீதி 0.06 விபத்தின் மிச்சம். பேத்தி தினமும் 8 மணி நேரம் வெளியிலும் 16 மணி நேரம் மரவீட்டுக்குள்ளும் இருக்கிறாள் என்று கொள்ளுங்கள். மரவீட்டுக்குள் வெளி அளவில் 0.4 பங்குதான் வரும். ஆக 16 மணி நேரம் என்பது 6.4 மணி நேரத்துக்குச் சமம். 8-உம் 6.4-உம் 14.4. அதை 0.06-ஆலும் 365-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 315 மைக்ரோசீவர்ட், அதாவது ஆண்டுக்கு 0.3 மில்லிசீவர்ட். இது என் சொந்தச் சூத்திரம் இல்லை. சுத்திகரிப்பு வேலைக்கு ஜப்பான் அரசு வைத்த மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் என்ற வரம்பும் இதே வழியில் வந்ததுதான். போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கூடுதல் என்று வரும்.

0.3 என்றால் எவ்வளவு? ஜப்பானில் எங்கே இருந்தாலும் இயற்கையாக ஆண்டுக்குச் சராசரி 2.1 மில்லிசீவர்ட் வந்தே தீரும். டோக்கியோவிலிருந்து நியூயார்க் போய்த் திரும்பினால் 0.1 முதல் 0.2 வரை. நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் 5 முதல் 7. நோய்க் கணக்காக மாற்றினால், கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையில் நாங்கள் வைத்துக்கொள்ளும் விதி: ஒரு சீவர்ட் வாங்கினால் பின்னால் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் கூடும். 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே எந்தப் பாதிப்பும் புள்ளிவிவரத்தில் பிரித்துக் காட்ட முடிவதில்லை. இருந்தாலும் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு பெருக்குகிறோம். அப்படிப் பெருக்கினால் ஓராண்டு குடியிருப்புக்கு லட்சத்தில் ஒன்றரை. பேத்தி சின்னவள், குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும். லட்சத்தில் நாலைந்து என்று வையுங்கள். அதே ஜப்பானில் சாலை விபத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் இருவர் இறக்கிறார்கள். கோரியாமாவில் கார் இல்லாமல் குடும்பம் நடத்துவது கஷ்டம். மகன் வண்டி வாங்குவான். குழந்தைக்கான இருக்கையைப் பின் சீட்டில் சரியாகப் பூட்டச் சொல்லுங்கள்.

இப்படி ஒப்பிட்டால் சிலருக்குக் கோபம் வரும். "கார் ஓட்டுவது நானாகத் தேர்ந்தெடுத்தது, சீசியத்தை என் தலையில் கொட்டியது யாரோ" என்பார்கள். நியாயமான கோபம். ஃபுகுஷிமாவில் நிலமும் வீடும் விட்டு வந்தவர்கள் இதைச் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் உங்கள் மகன் புதிதாகப் போகிறவர். அவருக்கு வேண்டியது இந்த எண்தான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். விபத்தில் வெளியே வந்து மண்ணில் தங்கியவற்றில் முக்கியமானவை இரண்டு வகைச் சீசியம். 134 என்ற வகை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 137 பாதியாக 30 ஆண்டு ஆகும், அதுதான் இன்றும் கிடக்கிறது. ஆகவே ஆரம்ப ஆண்டுகளில் வேகமாகக் குறைந்தது போல இனிமேல் குறையாது. மலையும் காடும் சுத்தம் செய்யப்படவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனால் பலகை மாட்டிய இடத்துக்குள் நுழைய வேண்டாம். அவ்வளவுதான்.

கேள்வி: சகோதரி, அந்த நேரத்தில் நீங்கள் டோக்கியோவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஓடினீர்களா, இருந்தீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில்: ஓடினேன். ஓடிய நாளும் தப்பு, திரும்பிய நாளும் தப்பு.

மார்ச் 11 வெள்ளிக்கிழமை மதியம் 2:46-க்கு நிலநடுக்கம். மறுநாள் பிற்பகல் முதல் உலைக் கட்டடம் வெடிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 13-ஆம் தேதி பிரெஞ்சுத் தூதரகம் தன் நாட்டவரை டோக்கியோவை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. 14-இல் மூன்றாவது உலை. 15 காலையில் அமைச்சரவையின் தலைமைச் செயலர் எதானோ தொலைக்காட்சியில் வந்து, உலை அருகே மணிக்கு 400 மில்லிசீவர்ட் என்றார். இதுவரை சொன்ன மைக்ரோ இல்லை, இது வேறு அலகு என்று அவரே எடுத்துச் சொன்னார். நான் வெளிறிப்போனேன். அங்கே அரை நாள் நின்றால் உயிருக்கே ஆபத்து.

அன்று காலை டோக்கியோ ஷின்ஜுகுவில் அளவு ஏறியது. உச்சத்தில் மணிக்குச் சுமார் 0.8 மைக்ரோசீவர்ட். வழக்கத்தைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு, ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாத அளவு. இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். குழந்தை தோளில், அடுப்பில் பால், வாயில் காலையிலிருந்து கேட்ட அதே சொல். "இங்கே 0.8 மில்லிதான் அக்கா, பயப்படாதே" என்றேன். ஆயிரம் மடங்கு தப்பு. படித்தவள், இதையே தொழிலாகச் செய்பவள், "பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே தப்பாகச் சொன்னேன். அக்கா அதை எழுதிவைத்து, தெரிந்த ஒரு பேராசிரியரிடம் கேட்டிருக்கிறாள். அவர் "இரண்டு மாதத்தில் ஒரு சீவர்ட்டைத் தாண்டிவிடுமே" என்றிருக்கிறார். 0.8 மில்லிக்கு அவர் சொன்னது சரி. விடியும் முன் அப்பா விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். அந்தப் பணம் திரும்பவே இல்லை. இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அழுத்திச் சொன்னால், "மில்லியா, மைக்ரோவா?" என்று கேட்பார்கள்.

16-ஆம் தேதி நானும் குழந்தையும் ஷின்கான்செனில் ஒசாகா போனோம். கணவர் வேலைக்காகத் தங்கிவிட்டார். ரயில் முழுக்கத் தாய்மார், மடியில் குழந்தைகள், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோழியின் இரண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று குடும்பம். ஐந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். அப்புறம் விடுமுறை முடிகிறதே என்று 21-ஆம் தேதி திரும்பினேன். அன்று டோக்கியோவில் மழை. டோக்கியோவுக்குக் கதிரியக்கக் காற்று பெரிதாக வந்தது இரண்டு முறை, 15-இல் ஒன்று, 21-இல் ஒன்று. முதலாவது வந்துபோன மறுநாள் கிளம்பி, இரண்டாவதை மழையில் வாங்கிக்கொண்டே வந்து இறங்கினேன்.

23-ஆம் தேதி மதியம் அறிவிப்பு: கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய்த் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின் 131 என்ற கதிரியக்க அயோடின். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. எங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் அதுதான். நான் கீழே இறங்கிக் கடைக்குப் போவதற்குள் தண்ணீர் அடுக்கும் தட்டு மொட்டையாகக் கிடந்தது. டயப்பர் பொட்டலத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். அந்தத் தண்ணீரில் ஒரு லிட்டர் குழந்தை குடித்தால் உடம்புக்கு 0.04 மில்லிசீவர்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. தைராய்டு சுரப்பிக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் 0.8 அளவில். இந்த முறை அலகை மூன்று தரம் சரிபார்த்தேன். சுகாதார அமைச்சகம் வேறு தண்ணீர் இல்லாவிட்டால் இதையே கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தது. சரிதான், ஏழு மாதக் குழந்தைக்கு நீர் வற்றினால் அது அன்றைக்கே தெரியும். இரவு ஒருமுறை குழாய்த் தண்ணீரில்தான் பால் கரைத்தேன். மறுநாள் நகராட்சி ஒரு குழந்தைக்கு 550 மில்லி பாட்டில் மூன்று கொடுத்தது. அதே நாள் அளவும் 79-க்கு இறங்கிவிட்டது. பாட்டில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், திறக்காமல்.

மகனுக்கு அந்த ஆண்டு முழுவதும் கூடுதலாகக் கிடைத்தது என் கணக்கில் அரை மில்லிசீவர்ட்டுக்குள். அப்படியானால் ஒசாகா போனது வீணா என்று கணவர் கேட்டார். வீண் இல்லை என்பேன். 16-ஆம் தேதி எனக்குத் தெரிந்தது டோக்கியோவின் இன்றைய எண் மட்டும்தான். நாளைக்கு உலையில் என்ன ஆகும் என்று உலைக்குள் நின்றவர்களுக்கே தெரியவில்லை. பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டன், டோக்கியோவை விட்டுப் போகத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் ஜப்பான் அணுசக்தி ஆணையத் தலைவர் கோண்டோ ஷுன்சுகே மார்ச் 25-இல் பிரதமரிடம் ஒரு மோசமான நிலைக் கணக்கு கொடுத்தார். நான்காம் உலையில் எரிபொருளைத் தண்ணீருக்குள் குளிரவைக்கும் குளத்தில் 1,535 எரிபொருள் கட்டுகள் கிடந்தன. அந்தக் குளம் வற்றிக் கைமீறிப் போனால், விருப்பமுள்ளவர்கள் வெளியேறலாம் என்ற பகுதி 250 கிலோமீட்டர் வரை நீளலாம் என்றது அந்தக் கணக்கு. டோக்கியோ அதற்குள் வரும். இது எங்களுக்குத் தெரிந்தது அடுத்த ஆண்டுதான். எனக்குப் போக ஒரு வீடு இருந்தது, ரயில் ஓடியது, கைக்குழந்தை இருந்தது. ஐந்து நாள் கழித்துத் திரும்பவும் முடிந்தது. அவ்வளவு மலிவான வாய்ப்பை விட்டிருந்தால் முட்டாள்தனம்.

இதே கணக்கு வேறு ஆளுக்குத் தலைகீழாகும். உலையிலிருந்து சில கிலோமீட்டரில் இருந்த ஒரு மருத்துவமனையின் படுத்த படுக்கை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி மணிக்கணக்கில் சுற்றவிட்டார்கள். கூடப் போதிய மருத்துவர் இல்லை. மார்ச் மாதத்துக்குள் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதிர்வீச்சால் அல்ல, குளிரும் நீர் வற்றலும் அலைச்சலும். ஃபுகுஷிமா மாகாணத்தில் இடம்பெயர்வும் அதன் பின்விளைவும் கொன்றவர்கள் 2,300-க்கு மேல். அங்கே நிலநடுக்கமும் சுனாமியும் நேரடியாகக் கொன்றதைவிட இது அதிகம். இட்டாதே என்ற கிராமத்தை 2011-இல் முழுக்கக் காலி செய்தபோது, அங்கிருந்த முதியோர் இல்லத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். பணியாளர்கள் வெளியூரிலிருந்து தினமும் வந்து போனார்கள். எண்பது வயதுக்காரருக்கு இன்னும் இருபது ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோயைவிட இன்று ராத்திரி பேருந்துப் பயணம் பெரிய ஆபத்து. அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கேள்வி: அயோடின் சேர்ந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைக் குடித்தால் கதிர்வீச்சு ஏறாது என்கிறார்களே?

பதில்: குடிக்காதீர்கள். 2011-இல் ஜப்பானிலும் இப்படிக் குடித்தார்கள். கதிர்வீச்சு மருத்துவ ஆய்வு நிறுவனம் வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. அதில் அயோடினைத் தவிர வயிற்றுக்கு ஆகாதவை நிறைய. சீனாவில் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அந்த உப்பைக் கிலோ கணக்கில் தின்றால்தான் மாத்திரை அளவு அயோடின் கிடைக்கும், அதற்கு முன்னால் உப்பே ஆளை முடித்துவிடும்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை என்பது வேறு சங்கதி. தைராய்டு சுரப்பியை நல்ல அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவைத்தால், பின்னால் வரும் கதிரியக்க அயோடினுக்கு உள்ளே இடம் இருக்காது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். ஆனால் தைராய்டுக்கு மட்டும், அயோடினுக்கு எதிராக மட்டும், காற்று வருவதற்குச் சற்று முன்னோ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ மட்டும். சீசியத்துக்கு அது ஒன்றும் செய்யாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள்தான் முதலில். நாற்பது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. சொல்லும்போது சாப்பிடுவது, சொல்லாமல் சாப்பிடாமல் இருப்பது. ஃபுகுஷிமாவின் மிஹாரு என்ற சின்ன ஊர், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15-இல் தானாகவே மாத்திரையைக் கொடுத்தது. அந்த ஊர்க்காரர்கள் காற்றின் திசையைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

கேள்வி: மேடம், நான் கனசாவாவில் ஆராய்ச்சி மாணவன். வடக்கே ஷிகா என்ற இடத்தில் அணு உலை இருக்கிறது. நாளைக்கே ஏதாவது ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கிலோமீட்டர் அதற்குப் பிறகு.

2011-இல் நாமியே என்ற ஊர்க்காரர்கள் உலையிலிருந்து தள்ளிப் போகிறோம் என்று நினைத்து வடமேற்கே மலைப்பக்கம் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கினார்கள், வெளியில் நின்று சமைத்தார்கள், குழந்தைகள் விளையாடினார்கள். கதிரியக்கக் காற்றும் அதே திசையில்தான் போனது. எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கும் ஸ்பீடி என்ற கணினி முறை அரசிடம் இருந்தது. அதன் படங்கள் மக்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மார்ச் 15 மாலை மழையும் பனியும் விழுந்து காற்றில் இருந்ததை மண்ணில் இறக்கிவைத்தது. உலையிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபுகுஷிமா நகரில் அன்று மணிக்கு 24 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டியது. அதே நேரம் தெற்கே, அதைவிடக் கிட்டத்தில் இருந்த சில ஊர்களில் அளவு குறைவு. அரசு வட்டம் வட்டமாகப் போட்டது: முதல் இரவு 3 கிலோமீட்டர், மறுநாள் காலை 10, மாலை 20. அமெரிக்கா தன் ஆட்களுக்கு 80 என்றது. நிலத்தில் விழுந்த கறையோ நீட்டி வைத்த கை மாதிரி ஒரு பக்கமாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஜப்பானில் விதியை மாற்றினார்கள். உலையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், கசிவு தொடங்கும் முன்பே கிளம்ப வேண்டும். அவர்களுக்கு மாத்திரையும் முன்னதாகவே கையில் கொடுத்துவிடுவார்கள். 5 முதல் 30 வரை இருப்பவர்கள் முதலில் வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும், அளவைப் பார்த்து அப்புறம் நகர்த்துவார்கள். கனசாவா நகரம் ஷிகாவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு வெளியே. ஆகவே உங்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்போவது "உள்ளே இருங்கள்" என்பதுதான். அது சோம்பேறி ஆலோசனை இல்லை. காங்கிரீட் கட்டடத்தின் நடு அறையில் வெளி அளவில் சின்னப் பங்குதான் வரும். வண்டியில் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தகரப் பெட்டிக்குள் காற்றுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது அதைவிட மோசம். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், வெளியில் போய் வந்தால் சட்டையைக் கழற்றிப் பையில் கட்டித் தலையைக் கழுவுங்கள். மழை பெய்தால் கட்டாயம் வெளியே போகாதீர்கள்.

ஆனால் 2024 ஜனவரி 1-ஐ நீங்கள் அங்கேயே பார்த்திருப்பீர்கள். நோட்டோ நிலநடுக்கம், 7.6. ஷிகா உலை ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் தப்பித்தோம். ஓடுகிறவனுக்குச் சாலை வெடித்துக் கிடந்தது. உள்ளே இருக்கிறவனுக்கு வீடு இடிந்து கிடந்தது. கதிர்வீச்சு அளக்கும் கம்பங்கள் பலவற்றிலிருந்து தகவலே வரவில்லை. காகிதத்தில் எழுதிய திட்டம் இரண்டுமே அன்று நடக்காது. இந்த விஷயத்தில் அதிகாரிகளைவிட நோட்டோக் கிழவிகள் சொல்வதைத்தான் நம்புவேன். அவர்கள் வீட்டில் தண்ணீரும் அரிசியும் எப்போதும் இருக்கும். நீங்களும் ஒரு வாரத்துத் தண்ணீர், வண்டியில் பாதிக்குக் குறையாத பெட்ரோல், பாட்டரி வானொலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு சிக்னல் இருக்காது.

கேள்வி: ஃபுகுஷிமா அரிசியும் பீச் பழமும் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. 2012 ஏப்ரலிலிருந்து ஜப்பானில் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கு 50, குடிநீருக்கு 10. ஃபுகுஷிமா அரிசியில் 2012 முதல் 2019 வரை ஒவ்வொரு மூட்டையையும் இயந்திரத்தில் வைத்து அளந்தார்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை. 2015 அறுவடை முதல் ஒரு மூட்டைகூட வரம்பைத் தாண்டவில்லை. காட்டுக் காளானும் காட்டுப்பன்றியும் மலைக் கீரையும் வேறு கதை. பக்கத்து வீட்டுத் தாத்தா அன்போடு மலையில் பறித்துக் கொண்டுவந்து கொடுக்கும் காளானை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். சாப்பிடாதீர்கள்.

கேள்வி: உங்கள் கட்டுரை அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குவது போல இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட ஃபுகுஷிமா பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததை ஏன் மறைத்தீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, ஒரு பக்கத்தில் இடம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

விபத்தின்போது 18 வயதுக்குள் இருந்தவர்களுக்கு அங்கே தொடர்ந்து அல்ட்ராசவுண்ட் செய்கிறார்கள். முதல் சுற்றில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர். புற்றுநோய் அல்லது சந்தேகம் என்று வந்தவர்கள் நீங்கள் சொன்னபடி 300-க்கு மேல். இதில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு? தேடினால் கிடைக்கும் நோய் இது. தென் கொரியாவில் எந்த விபத்தும் இல்லாமலே பெரியவர்களுக்குத் தைராய்டு ஸ்கேன் பரவலாக எடுக்க ஆரம்பித்தார்கள். 2011-க்குள் நோயாளிகள் எண்ணிக்கை 15 மடங்கானது, இறப்பவர் எண்ணிக்கை மாறவில்லை. செர்னோபிலில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் விபத்தின்போது மிகச் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள். 1986 ஏப்ரல் கடைசி, மாடு புல் மேய்ந்தது, அந்தப் பாலைத் தடுக்காமல் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். ஃபுகுஷிமாவில் மார்ச் மாதம், மாடுகள் கொட்டகையில் பழைய தீவனம் தின்றன, பால் விற்பனையையும் சீக்கிரமே நிறுத்தினார்கள். அங்கே முதல் சுற்றில் நோய் கண்டது பெரும்பாலும் பதின்பருவத்தினரிடம். ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு, குடியிருந்தவர்களிடம் கதிர்வீச்சினால் நேரடியாக வந்தது என்று சொல்லத்தக்க பாதிப்பு ஆவணப்படுத்தப்படவில்லை என்று முடிவு சொல்லியிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. அயோடின் 131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அந்த நாட்களில் பிள்ளைகளின் கழுத்தில் கருவி வைத்து அளந்தது 1,080 பேருக்கு மட்டும். ஒருவர்கூட வரம்பைத் தாண்டவில்லை என்பது நல்ல சேதி. அளக்காத மற்றவர்களுக்கு அந்த நல்ல சேதியைக் கூட யாராலும் இனிக் கொடுக்க முடியாது, அயோடின் போய்விட்டது. 2022-இல் நோய் வந்த ஆறு இளைஞர்கள் மின் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் இரண்டு நிமிடம் கருவியை வைத்திருந்தால், இன்றைக்கு வழக்கறிஞர்கள் சண்டை போட ஒரு எண்ணாவது இருந்திருக்கும்.

கேள்வி: சொந்தமாக ஒரு கதிர்வீச்சு அளக்கும் கருவி வாங்கினால் நிம்மதியாக இருக்குமா?

பதில்: முதல் மாதம் இருக்காது. நானும் 2011 மே மாதம் ஒன்று வாங்கினேன். முதல் வாரம் வீட்டில் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். செருப்பு, தயிர், மாமியார் அனுப்பிய மிளகாய்ப்பொடி. கணவர், "என்னையும் ஒருதரம் பார்த்துவிடு" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டேன். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், ஒரே இடம், எண் அடங்கும் வரை காத்திருந்து ஐந்து முறை எடுத்து சராசரி. கருவியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அளந்தால் அழுக்கு ஒட்டாது. எங்கள் குடியிருப்பின் விளையாட்டு மைதான நடுவில் 0.13. பத்தடி தள்ளி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் மழைநீர்க் குழாய் வந்து முடியும் இடத்தில், தரையோடு வைத்துப் பார்த்தால் 0.9. கூரை முழுக்க விழுந்ததை மழை கழுவிக் கொண்டுவந்து அந்த ஒரு சாண் பாசியில் கொட்டியிருக்கிறது. என் மகன் தவழ்ந்துபோய் உட்கார்ந்து மண்ணைக் கிளறும் இடமும் அதுதான். கையுறை போட்டுப் பாசியைச் சுரண்டிப் பையில் கட்டிக் குடியிருப்பு நிர்வாகியிடம் கொடுத்தேன். மனிதர் மறுப்புச் சொல்லாமல் வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி ஒரு அடி மண் போட்டு மூடினார். குழாயடி 0.2-க்கு வந்தது.

வாங்குவதானால் இதற்காக வாங்குங்கள். பயத்தைப் பார்க்க அல்ல, குழாயடியைக் கண்டுபிடிக்க. கூடவே ஒரு நோட்டும் வாங்கித் தேதி, இடம், உயரம், வானிலை எழுதுங்கள். அலகை ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதுங்கள். என் நோட்டில் கடைசிப் பதிவு 2014 நவம்பர் 3, சைக்கிள் கொட்டகை, வெயில், 0.07 மைக்ரோசீவர்ட். அதற்கப்புறம் பாட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றவில்லை.